பேரன் பேத்திக்கு ஒரு பாத்தி

கேள்வி:

எனக்கு 68 வயது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் 10 சென்ட் தோட்டம் இருக்கிறது. என் தாத்தா காலத்திலிருந்தே கீரை, காய், மிளகாய், எலுமிச்சை எதற்கும் நாங்கள் கடைக்குப் போனதில்லை. மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு. பேத்திக்கு 12 வயது, பேரனுக்கு 7. கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் இங்கே வந்து இருப்பார்கள். தோட்ட வேலை பழகட்டும் என்று தண்ணீர் ஊற்றவும் களை பிடுங்கவும் சொல்கிறேன். பத்து நிமிடத்தில் உள்ளே ஓடிப் போய் செல்போனை எடுத்துக்கொள்கிறார்கள். மகன், "எதுக்குப்பா இந்த வெயில்ல பிள்ளைகளை வாட்டறீங்க, முந்நூறு ரூபாய்க்கு வாங்கினா ஒரு வாரத்துக்குக் காய் ஆச்சு" என்கிறான். அவனையே எட்டு வயதிலிருந்து, தினமும் தண்ணீர் இறைத்து ஊற்றிய பிறகுதான் பள்ளிக்கூடம் அனுப்புவேன். அவனுக்கே ஒட்டவில்லை. என் மனைவி சமையலோடு சரி. என் அம்மா வைத்துவிட்டுப் போன ஊதா விளிம்புப் பட்டை அவரை விதை இன்னும் என்னிடம் இருக்கிறது. முழங்கால் வலியால் இரண்டு வருடமாகப் பந்தல் போடவில்லை. எனக்குப் பிறகு இந்தத் தோட்டமும் இந்த விதையும் என்ன ஆகும்? பிள்ளைகளுக்கு ஆசை வர என்ன செய்ய வேண்டும்?

பதில்:

ஐயா, வணக்கம். பேரப்பிள்ளைகள் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த அவரை விதை இருக்கும் டப்பாவை இன்றைக்கே திறந்து பாருங்கள். இரண்டு வருடமாகப் போடவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் அவசரமான வரி அதுதான். வீட்டில் சாதாரணமாக எடுத்து வைத்த அவரை விதை முதல் வருடம் நன்றாக முளைக்கும், இரண்டாம் வருடம் குறையும், அதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஆடி பிறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்குள் விதையின் நிலைமை தெரிந்தாக வேண்டும்.

விதையை முறத்தில் கொட்டி வெளிச்சத்தில் பாருங்கள். தோல் மேல் வெள்ளை வெள்ளையாகச் சிறு புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. வட்டமாகத் துளை விழுந்திருந்தால் வண்டு உள்ளே இருந்து தின்றுவிட்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். துளை விழுந்ததைத் தனியே ஒதுக்கிவிட்டு, நல்லதில் 20 விதை எண்ணி எடுங்கள். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து விரித்து, விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக வைத்துச் சுருட்டுங்கள். ஒரு கிண்ணத்தில் நிழலில் வையுங்கள். துணி காயாமல் தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். ஐந்தாறு நாளில் பிரித்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். 16-க்கு மேல் முளைத்திருந்தால் கவலையே இல்லை. பத்துதான் என்றால் குழிக்கு இரண்டு போடுகிற இடத்தில் நான்கு போட வேண்டும். நாலைந்துதான் முளைத்தது என்றாலும் மனம் விடாதீர்கள். அந்த நாலைந்தையும் துணியிலிருந்து வேர் முறியாமல் எடுத்து, மண் நிரப்பிய கொட்டாங்குச்சியில் நட்டு, விதைப் பருப்புக்கு மேலே இரண்டு நிஜ இலை வந்ததும் நிலத்துக்கு மாற்றிவிடுங்கள். நாலு கொடி நன்றாகக் காய்த்தால் அடுத்த ஆடிக்குப் பந்தல் முழுக்கப் போட விதை கிடைத்துவிடும். நம் பக்கத்து அம்மன் கோயில் முளைப்பாரியும் ஒருவகையில் இதே சோதனைதான்; ஊரில் யார் வீட்டு விதை எப்படி இருக்கிறது என்று பட்டத்துக்கு, அதாவது விதைக்கும் பருவத்துக்கு, முன்பே தெரிந்துவிடும்.

ஒன்றுமே முளைக்கவில்லை என்றால்? உங்கள் அம்மா யார் யாருக்கு இந்த விதையைக் கொடுத்தார் என்று யோசியுங்கள். அவர் பிறந்த வீடு, சம்பந்தி வீடு, நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு பாட்டி என்று யாராவது இருப்பார்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் நல்ல விதையைத் தங்கள் வீட்டில் மட்டும் வைத்துக்கொண்டதில்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இதையே ஒரு முறையாக வைத்திருந்தார். 2 கிலோ விதைநெல் வாங்கிப் போகும் உழவர் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 174 பாரம்பரிய நெல் ரகங்களை அவர் மீட்டெடுத்தது இப்படித்தான், ஊர் ஊராக உழவர் கையில் கொடுத்துத்தான். அவர் 2018 டிசம்பரில் காலமானார். நெல் அவரோடு போய்விடவில்லை, ஏனென்றால் அது அவரிடம் மட்டும் இருக்கவில்லை.

உங்கள் அவரை இப்போது ஒரே ஒரு டப்பாவில் இருக்கிறது. "எனக்குப் பிறகு என்ன ஆகும்" என்ற கேள்விக்கு, விதையைப் பொறுத்தவரை, பேரப்பிள்ளைகள் வளரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆடியிலேயே உங்கள் ஊரில் மூன்று வீட்டுக்குக் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுங்கள். தையில் காய்ந்த விதையாகக் கொஞ்சம் திருப்பித் தரும்படி கேளுங்கள். ஒரு வீட்டில் ஆடு மேய்ந்துவிட்டாலும், ஒரு வீட்டில் அசுவினிப் பூச்சி அடித்துவிட்டாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். உழவர் தன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. தயங்க ஒன்றுமில்லை.

இனி பிள்ளைகளுக்கு வருகிறேன்.

அவர்கள் உங்களிடம் வருவது மே மாதம். தோட்டம் வருடத்திலேயே மிக மோசமாக இருக்கும் மாதம் அது. அவரைப் பந்தல் காய்ந்து சருகாகக் கிடக்கும். வெண்டையில் நரம்புத் தேமல் நோய் வந்திருக்கும். மண் வெட்டினால் மண்வெட்டி துள்ளும். உங்களுக்கு அந்த மண்ணைப் பார்த்தால் தையில் தொங்கிய காய் கண்ணுக்குத் தெரிகிறது. ஏழு வயதுப் பையனுக்கு வெயிலும் வாளியும் மட்டும்தான் தெரிகிறது. அவன் உள்ளே ஓடுவதில் தவறே இல்லை ஐயா. தோட்டக்கலைத் துறையில் இருந்தபோது பள்ளித் தோட்டங்களிலும் இதையேதான் பார்த்தேன். பங்குனி, சித்திரையில் ஆரம்பித்த தோட்டங்கள் நிலைப்பது அபூர்வம். ஆடியிலோ புரட்டாசியிலோ ஆரம்பித்த பள்ளிகளில் பிள்ளைகள் இடைவேளைக்கு மணி அடித்ததும் செடியைப் பார்க்க ஓடுவார்கள். பிள்ளைகள் மாறவில்லை, பட்டம்தான் மாறியது.

அதனால் நீங்கள் பயிர்க்கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். மற்றவர்கள் விதைக்கிற நாளிலிருந்து அறுவடைக்குக் கணக்குப் பார்ப்பார்கள். நீங்கள் பிள்ளைகள் ரயிலில் வந்து இறங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வரும். வெண்டை விதைத்த 45, 50 நாளில் பறிப்புக்கு வரும் என்பதால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஊன்றினால் அவர்கள் வரும்போது செடிக்குச் செடி காய் நிற்கும். முளைக்கீரைக்கு 25 நாள் போதும், செப்டம்பர் முதல் வாரத்தில் மணலோடு கலந்து தூவிவிடுங்கள். அடுத்த வருடத்திலிருந்து இதோடு நிலக்கடலையும் சேர்த்துக்கொள்ளலாம். 105 நாள் ரகத்தைப் பள்ளி திறக்கும் முன், ஜூன் தொடக்கத்தில், அவர்கள் கையாலேயே ஒரு பாத்தியில் போட்டுவிட்டுப் போகட்டும். செப்டம்பர் கடைசியில் வந்து பிடுங்கட்டும். பூ மேலே பூத்து, அதன் காம்பு கூராக நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அங்கே காய் பிடிக்கிற செடி அது. வேரோடு பிடுங்கி உதறும்போது கொத்தாகத் தொங்குவதைப் பார்த்தால் செல்போன் வைத்திருக்கும் பிள்ளையும் அதை வீடியோ எடுக்கத்தான் வெளியே கொண்டு வரும்.

பொங்கலுக்கு நாலு நாள் வருவார்கள் இல்லையா, அதுதான் உங்கள் பெரிய நாள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி அவரைக்கு மற்ற எதையும்விட அதிகம் பொருந்தும். பழைய கொடி அவரை ரகங்கள் பகல் குறுகி இரவு நீளும்போதுதான் பூவெடுக்கும். நீங்கள் சித்திரையில் போட்டாலும் இலையும் கொடியுமாக ஓடுமே தவிரக் காய்க்காது. ஆடியில் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்து மார்கழி, தையில் பந்தல் தாங்காமல் காய்க்கும். ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட குத்து அவரை ரகங்கள் எந்தப் பட்டத்திலும் காய்க்கும், நல்ல பயிர்தான். ஆனாலும் உங்கள் அம்மாவின் அவரை சரியாகப் பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது காய்த்து நிற்கப் போகிறதே, அதற்காகவே இந்த முறை யாரையாவது கூலிக்கு வைத்தாவது பந்தலைப் போட்டுவிடுங்கள். உயரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பேத்தி நின்றபடி பறிக்கிற உயரம் போதும், உங்கள் முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

அப்படியானால் மே மாதம் அவர்களுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. நீங்கள் இருப்பது மஞ்சள் விளையும் ஊர். மே கடைசியில் ஆளுக்கு ஒரு வரிசை விதை மஞ்சள் ஊன்றச் சொல்லுங்கள். இரண்டு விரல் ஆழத்தில் விரலியைப் படுக்க வைத்து மண் மூடும் வேலை, காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் ஏழரைக்குள் முடிந்துவிடும். பொங்கலன்று பானைக்குக் கட்ட மஞ்சள் கொத்தை அவர்களே பிடுங்கட்டும். சந்தையில் வாங்கிக் கட்டிய கொத்துக்கும், தான் ஊன்றியதைப் பிடுங்கிக் கட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது. சேனைக்கிழங்கையும் அப்போதே முளைப் பாகம் வருமாறு நறுக்கி, சாணிப்பாலில் முக்கி நட்டுவிடலாம், அதுவும் தை வாக்கில் தோண்டத் தயாராகிவிடும். பகலில் திண்ணையில் உட்கார்ந்து விதை உரிப்பது, புடைப்பது, பொறுக்குவது, மேலே சொன்ன துணிச் சோதனை வைப்பது எல்லாம் நிழல் வேலை. வாளி தூக்குவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வருத்தமாக இருந்தாலும். நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வேலையை மட்டும்தான். என்ன போடுவது, எங்கே போடுவது, எப்போது பறிப்பது எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். அவர்கள் பங்கு தண்ணீரும் களையும். உங்கள் மகனுக்கும் சிறு வயதில் கிடைத்தது அதுதான். தினமும் தண்ணீர் இறைத்தார். காய் எந்தச் செடியில் முதலில் வந்தது, யார் பறித்தார் என்பது அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை, கேட்டுப் பாருங்கள். தோட்டத்தின் மேல் அவருக்கு வெறுப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். தன் பிள்ளைகளுக்கும் அதே சுமை வேண்டாம் என்று நினைக்கிற தகப்பனாக "வெயில்ல வாட்டாதீங்க" என்கிறார்.

எனவே 10 சென்ட்டில் ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஆறடிக்கு மூன்றடி போதும், ஓரத்தில் நின்றால் நடுப்பகுதி கைக்கு எட்ட வேண்டும். நிழல் விழும் மூலையையோ கல் கிடக்கும் இடத்தையோ தள்ளிவிடாதீர்கள். நல்ல மண்ணாக, கிணற்றடிக்குப் பக்கமாகக் கொடுங்கள். அதில் என்ன போடுவது என்பது அவர்கள் முடிவு. பேத்தி சூரியகாந்தி போடுகிறேன் என்றால் சூரியகாந்தி. பேரன் வெண்டை, பூசணி, மக்காச்சோளம் மூன்றையும் ஒரே குழியில் போட்டால் போடட்டும். எது எதை அமுக்குகிறது என்று அவனே பார்ப்பான். ஏழு வயதுக் கைக்கு அவரை, பூசணி, பீர்க்கை என்று பெரிய விதையாகக் கொடுங்கள். கீரை விதை பொடி, விரலிடுக்கில் ஒழுகி ஒரே இடத்தில் குவிந்துவிடும், அவனுக்குச் சலிப்பாகிவிடும்.

அவர்கள் தூங்கிய பிறகு போய் அந்தப் பாத்தியில் களை பிடுங்கி, நேராக்கி, அழகாக்கி வைக்காதீர்கள். தாத்தாக்கள் அன்பினால் செய்கிற காரியம் இது, காலையில் எழுந்து பார்க்கும் பிள்ளைக்கோ அது தன் பாத்தி இல்லை என்று தெரிந்துவிடும். செடி வாடினால் வாடட்டும். அவர்கள் சென்னையில் இருக்கும் மாதங்களில் உயிர்த்தண்ணீர் விடுங்கள், அதற்கு மேல் ஏதாவது செய்வதென்றால் போனில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "உன் வெண்டைல மாவுப்பூச்சி வந்திருக்கு, வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா?" என்று ஒரு போட்டோவோடு கேட்டால், எப்படி அடிப்பது என்ற கேள்வி அங்கிருந்து வரும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அதைக் கரைக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க உங்களுக்கு அப்போது வாய்ப்பு கிடைக்கும். கேட்காதபோது சொன்னால் அது அறிவுரை. பிள்ளைகளுக்கு அது பிடிக்காது, நமக்கும் அந்த வயதில் பிடித்ததில்லை.

கடைக்காய் எல்லாம் விஷம் என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள். அந்தக் காயை வாங்கிச் சமைத்துப் போடுவது அவர்களுடைய அம்மா. உங்கள் மருமகள் கடிதத்தில் ஒரு வரியில்கூட வரவில்லை என்பதையும் கவனித்தேன். வேளச்சேரி வீட்டில் ஒரு தொட்டி வைப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கும். அவரிடம் தோட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அடுத்த முறை வரும்போது என்ன காய் வேண்டும் என்று கேளுங்கள். அவர் ஊரில் பழகிய கீரையோ மிளகாயோ ஏதாவது இருக்கும், அதற்கு ஒரு இடம் ஒதுக்குங்கள். "சமையலோடு சரி" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மனைவி, அவர்தான் இந்த விஷயத்தில் உங்களுக்குப் பெரிய துணை. பிள்ளை பறித்து வந்த ஆறு வெண்டைக்காயை மற்ற காயோடு கலந்துவிடாமல், தனியாக வதக்கி, "இது இவன் காய்" என்று முதலில் அவனுக்குப் பரிமாற வேண்டும். உங்கள் அம்மாவின் அவரையைப் பிஞ்சாகப் பொரியல் வைப்பது எப்படி, முற்றியதில் பருப்பெடுத்துக் குழம்பு வைப்பது எப்படி என்பதும் அவரிடம்தான் இருக்கிறது. சமைக்கத் தெரியாத வீட்டில் விதை மட்டும் இருந்தால் அடுத்த தலைமுறை அதை விதைக்காது.

முந்நூறு ரூபாய்க் கணக்குக்கு வருவோம். உங்கள் மகன் சொல்வது தவறில்லை. தக்காளி மலிந்து கிடக்கும் மாதத்தில் வீட்டுத் தக்காளியைக் காசில் எடை போட்டால் தோற்றுப் போவீர்கள். 10 சென்ட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு முழுத் தன்னிறைவு என்பதும் நடக்காது. கீரை, கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சை, மிளகாய், வாழை, பட்டத்துக்கு இரண்டு மூன்று காய் என்பதில் வீடு கடையை எதிர்பார்க்காமல் நிற்கும், அவ்வளவுதான். அந்த அளவே பெரிது என்று நான் மனதார நம்புகிறேன். பொது முடக்கக் காலத்தில் கடை அடைத்திருந்த நாட்களில் முருங்கை மரமும் இரண்டு பாத்தி கீரையும் இருந்த வீட்டில் குழம்புக்குக் கவலை இருக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் இதை மகனிடம் வாதமாக வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு வேலையை ஒப்படையுங்கள். முழங்கால் வலியோடு தண்ணீர் கட்ட முடியவில்லை, சொட்டுநீர் போட்டுக் கொடு என்று கேளுங்கள். 200 லிட்டர் டிரம்மை இடுப்பளவு மேடையில் ஏற்றி, வடிகட்டி வைத்து, 16 மில்லிமீட்டர் குழாயில் செடிக்கு ஒரு சொட்டுவான் என்று போடுவது ஒரு சனி, ஞாயிறு வேலை. கம்ப்யூட்டர் படித்தவர், டைமர் வைக்கிறேன் என்று ஆரம்பித்தாலும் ஆரம்பிப்பார், தடுக்காதீர்கள். சிறு வயதில் தூக்கிச் சுமந்த தண்ணீரைக் குழாயில் ஓட விடுகிற வேலை அவர் கையால் நடக்கட்டும். கோணலாகப் போட்டாலும் நீங்கள் பிரித்து மாட்ட வேண்டாம்.

இந்த ஆடிக்குச் செய்ய வேண்டியது ஒன்று. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதி வரும். அன்றைக்கு நீங்கள் கோபியில் விதை ஊன்றும் அதே நேரத்தில் வேளச்சேரியிலும் இரண்டு விதை ஊன்றட்டும். 20 லிட்டர் பிடிக்கும் பை அல்லது பழைய பெயிண்ட் வாளி, அடியில் நாலைந்து துளை. தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. பால்கனியில் ஐந்து, ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். கம்பியில் சணல் கட்டி ஏற்றிவிட்டால் கொடி தானே பிடித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: இரவெல்லாம் பளிச்சென்று விளக்கு எரியும் இடமாக இருந்தால் இந்த ரகம் பூப்பது தள்ளிப் போகலாம், இருட்டான பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். பேத்தி வாரம் ஒரு போட்டோ எடுக்கட்டும், நீங்களும் எடுங்கள். கோபிக் கொடி முந்துமா, சென்னைக் கொடி முந்துமா என்பது அவளுக்கு ஒரு பந்தயமாகிவிடும். செல்போனை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை, இந்த ஏழு மாதமும் உங்கள் இருவருக்கும் நடுவில் அதுதான் இருக்கப் போகிறது.

12 வயதுக்கு இன்னும் கொஞ்சம் சவாலாக வேண்டும் என்றால் இன்னொரு வாளியில் பீர்க்கை போடச் சொல்லுங்கள். பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும், அவள் பள்ளிவிட்டு வரும் நேரம். முதலில் ஆண் பூக்கள் கொத்தாக வரும், காய்க்காமல் உதிரும், செடி பொய்த்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள், பொறுக்கச் சொல்லுங்கள். பிறகு தனியாக ஒரு பூ வரும், அதன் அடியில் விரல் நுனி அளவுக்கு, வரி வரியாக ஒரு குட்டிப் பீர்க்கங்காய் ஒட்டியிருக்கும். அதுதான் பெண் பூ. மாடி வீட்டுக்குத் தேனீயும் பூச்சியும் வருவது குறைவு. புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் அந்தக் குட்டிக்காய் நீளத் தொடங்கினால் அது அவள் பிடிக்க வைத்த காய். பள்ளிப் பாடத்தில் மகரந்தச் சேர்க்கை என்று படித்திருப்பாள். கையால் செய்து பார்த்த பிள்ளை அதை மறந்து நான் பார்த்ததில்லை.

தையில் விதை எடுப்பதையும் பேத்தியிடமே கொடுங்கள். மார்கழியிலேயே போட்டோ பார்த்து, நோயில்லாமல் நன்றாகக் காய்க்கும் ஐந்தாறு கொடிகளை அவள் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் சிவப்புக் கயிறு கட்டி வையுங்கள். எல்லா விதையையும் ஒரே கொடியிலிருந்து எடுக்க வேண்டாம். கட்டிய கொடியில் நல்ல காயைச் சமையலுக்குப் பறித்துவிட்டு, கடைசியில் மிஞ்சும் சொத்தையை விதைக்கு விடுவது பல வீடுகளில் நடக்கிறது. அப்படிச் செய்தால் சில வருடத்தில் ரகம் தேய்ந்துவிடும். நல்லதை விதைக்கு விட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். பக்கத்தில் வேறு அவரை இருந்தால் தேனீ கலந்துவிடக்கூடும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வந்த பிறகு பறித்து, உரித்து, காலை வெயிலில் காய வைத்து, பல்லில் கடித்தால் பல் பதியாத பதத்தில் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடலாம். நன்றாகக் காய்ந்த விதை என்றால் பாட்டிலோடு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள், வயலிலிருந்தே ஒட்டி வந்த வண்டு முட்டை செத்துவிடும். வெளியே எடுத்த உடனே திறக்காமல், பாட்டிலின் குளிர் போன பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். உங்கள் அம்மா செய்தது போலச் சாம்பலும் வசம்பும் போட்டு மண் கலயத்தில் ஒரு பங்கை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் ஒரு இடம், கலயம் ஒரு இடம் என்று பிரித்து வைப்பது நல்லது. பாட்டிலில் ஒட்டும் சீட்டில் ரகம், வருடம், ஊர் இதோடு உங்கள் அம்மாவின் பெயரையும் பேத்தி தன் கையாலேயே எழுதட்டும்.

முளைப்புச் சோதனை தேறிய விதையில் பத்தை எடுத்து இந்த மாதக் கடைசிக்குள் தபாலில் அனுப்பிவிடுங்கள். வெறும் கவரில் போட்டால் முத்திரை குத்தும்போது நசுங்கும், இரண்டு அட்டைக்கு நடுவில் பஞ்சு வைத்து ஒட்டுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், காகிதமே போதும். உறையின் மேல் மகன் பெயரை எழுதாமல் பேத்தி, பேரன் இருவர் பெயரையும் முழுதாக எழுதுங்கள். உள்ளே வைக்கும் சீட்டில் ஆடிப்பெருக்கன்று எத்தனை மணிக்கு ஊன்றலாம் என்று அவர்களையே முடிவு செய்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.